ஆட்சேபணை இல்லை

அரசாங்க வக்கீல் எழுந்து நின்று, “தடை கொடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை” என்று சொன்னபோதே ஸாதனாவுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை அவள் கேட்காதவளா என்ன? அன்றைக்கு ஏனோ அது ஞாபகத்துக்கு வரவில்லை. கோடை விடுமுறைக்கு முந்தின கடைசி நாள், கோர்ட்டில் சந்தைக் கூட்டம். தோட்டுக்கரை வழக்கைக் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் பேசி, நீதிபதி உத்தரவைச் சொல்லி, அடுத்த வழக்கைக் கூப்பிட்டதெல்லாம் ஒரு சாயா ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. வீடுகளை இடிக்க இடைக்காலத் தடை. விடுமுறை முடிந்து மறு விசாரணை. அதற்குப் பிறகும் நீதிபதி ஏதோ இரண்டு வாக்கியம் சொன்னார். அதற்குள் பக்கத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். ஸாதனா போனை எடுத்து, அன்றைய பேச்சுக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

தோட்டுக்கரை என்பது மட்டாஞ்சேரியில் ஒரு கால்வாயை ஒட்டிய வீட்டு வரிசை. கால்வாயை அங்கே தோடு என்பார்கள். சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு தலைமுறைக்கு முன் வந்து குடியேறினார்கள். காய்கறி விற்கிறவர்கள், கொத்தனார்கள், ஹோட்டலில் மாவாட்டுகிறவர்கள். இப்போது அரசாங்கம் தோட்டை அகலப்படுத்தப் போகிறது. திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. மழைக்காலத்தில் பாதி மட்டாஞ்சேரி முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. வீடு இழப்பவர்களுக்குத் தோப்பும்படிக்கு அப்பால் மாற்று வீடு தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். கட்டி முடித்த வீடுகள் மட்டும் இழப்பவர்களைவிடக் குறைவு. இதைச் சொல்லித்தான் சுதீர் என்கிற வக்கீல் அவர்களுக்காக வழக்குப் போட்டிருந்தார்.

ஸாதனா அந்த வழக்கில் வக்கீல் இல்லை. அவளும் கறுப்பு அங்கிக்காரிதான், ஆனால் ஜனங்கள் அவளை அறிந்தது வழக்காடுவதற்காக அல்ல, வழக்குகளைப் பற்றிப் பேசுவதற்காக. பாலக்காட்டிலிருந்து தாத்தா காலத்தில் கொச்சிக்கு வந்த குடும்பம். வீட்டில் பேசுகிற தமிழ் பாதி மலையாளம். தமிழில் எழுதச் சொன்னால் வியர்த்துவிடும். பேசச் சொன்னால் தீர்ப்பு, சட்டம், சர்க்கார் உத்தரவு எதையும் மோர்சாதம் மாதிரி பிசைந்து ஊட்டிவிடுவாள். வாரம் ஒரு வீடியோ. காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற கணவன் ரோஹன்தான் படம் பிடிப்பது, வெட்டுவது எல்லாம். எறணாகுளத்தில் சாரம் கட்டுகிறவர்களும் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களும் அதைக் கேட்டார்கள். ஒரு காகிதம் வந்தால் அவர்கள் முதலில் கேட்பது, “வக்கீலக்கா என்ன சொன்னாங்க?” என்பதுதான். இந்தக் கேள்வி தன் காதில் விழும்போதெல்லாம் ஸாதனாவுக்கு உள்ளே குளிர்ந்தது. குளிரத்தானே செய்யும்.

அன்று மாலையே பேசினாள். தடை என்றால் என்ன, சர்க்கார் ஏன் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும், சாதாரண ஜனங்கள் கோர்ட்டை ஏன் நம்பலாம் என்று உருக்கமாகவே பேசினாள். “எழுத்து மூலமா ஆர்டர் கைக்கு வரட்டும், வந்தப்புறம் விவரமாச் சொல்றேன்” என்றும் நடுவில் ஒரு வார்த்தை சொன்னாள். கடைசியில், தோட்டுக்கரைக்காரர்கள் கோயில் கொடைத் திருவிழாவுக்காக ஊருக்குக் கிளம்பத் தவித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும் என்பதால், “எல்லாரும் நிம்மதியா சொந்த ஊருக்குப் போயிட்டு வாங்கோ, வீட்டை கோர்ட் பாத்துக்கும்” என்று சிரித்தாள். ரோஹன் அந்தக் கடைசித் துண்டை மட்டும் வெட்டி ஒரு ரீலாகப் போட்டான். முழுப் பேச்சைக் கேட்டவர்களைவிட ரீலைக் கேட்டவர்கள் பத்து மடங்கு. எழுத்து மூலம் வரட்டும் என்ற வார்த்தை ரீலில் இல்லை.

மறுநாள் காலை பேச்சி காய்கறி வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு மாடிப்படி ஏறி வந்தாள். தோட்டுக்கரையில் வழக்குப் போட்டவர்களில் அவள் வீட்டுக்காரன் இசக்கிராஜாதான் முதல் பெயர்.

“அக்கா, நேத்து பேசுனதக் கேட்டோம். எங்க வீட்டுக்காரரு நாலு தடவ போட்டுக் கேட்டாரு. அப்ப நாங்க கொடைக்குப் போவலாமாக்கா?”

“போறதுக்கென்ன பேச்சி? அதுக்குத்தானே சொன்னேன்.”

“இல்லக்கா, ரெண்டு மூணு குடும்பம் இங்கனயே இருக்கட்டும், ஆபீஸ்காரங்க வந்தா பதில் சொல்ல ஆளு வேணும்லனு ஒரு பேச்சு. ஊர்ல என்னன்னா, எல்லா வீடும் வந்தாத்தான் கால்நாட்டுன்னு சொல்லுதாங்க. இவரு வேற இந்தத் தடவ சாமியாடுதாரு.”

ஸாதனா ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். சுதீருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். வாசலில் நிற்கிறவளின் முகத்தில் அத்தனை நம்பிக்கை இருக்கும்போது, “கேட்டுச் சொல்றேன்” என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

“கோர்ட் தடை இருக்கச்சே காவல் எதுக்கு? போலீஸே வந்தாலும் கூரையில ஒரு ஓட்டைத் தொட முடியாது. ஒருத்தர் விடாம எல்லாரும் போயிட்டு வாங்கோ. நான் இங்கேதானே இருக்கேன்.”

பேச்சி சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். அன்று அவள் கொடுத்த முருங்கைக்காய்க்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

இந்தக் கொடை விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அம்மன் கோயிலில் பந்தக்கால் நாட்டி, காப்புக் கட்டிவிட்டால், கொடை முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை ஊர்க்காரர் ஒருவரும் எல்லையைத் தாண்டக்கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட டாக்டர்தான் ஊருக்குள் வரவேண்டும். தாண்டினால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. பஸ் பிடித்து எல்லோரும் போனார்கள். புருஷன் இறந்து வருஷம் திரும்பாத சீனியம்மாள் ஒருத்திதான் போகவில்லை. துக்க வீட்டுக்காரி கொடையில் நிற்கக்கூடாது என்பது முறை. அவள் மட்டும் தன் வீட்டில் இருந்தாள்.

எழுத்து மூலமான உத்தரவு சில நாள் கழித்து வெளியானது. எறணாகுளத்துக்குப் போகும் படகில் உட்கார்ந்து ஸாதனா அதைப் போனில் திறந்தாள். முதல் பத்தியில் தடை, அழகாக, அவள் சொன்னபடியே இருந்தது. இரண்டாவது பத்தியைப் படித்தாள். பிறகு இன்னொரு முறை படித்தாள். இரு தரப்பின் சம்மதத்தோடு, தோட்டுக்கரையில் உண்மையில் குடியிருப்பவர்கள் யார் என்று அரசுத் தரப்பு நேரில் சரிபார்க்கலாம். சரிபார்க்கும்போது குடியிருப்பதாகக் காணப்படுகிறவர்களுக்கு மட்டுமே இந்தத் தடையும் மாற்று வீட்டு உரிமையும் பொருந்தும். நாற்காலி இழுபட்ட சத்தத்தில் அவள் கேட்காமல் விட்ட இரண்டு வாக்கியம் இதுதான்.

படகில் இருந்தபடியே சுதீரைக் கூப்பிட்டாள்.

“அது சாதாரணம் ஸாதனா, எல்லா ஆர்டர்லயும் உள்ளதுதான்,” என்றார் சுதீர். கட்சிக்காரர்களிடம் பேசிப் பேசி வந்த தமிழ். “ஆளு குடியிருக்குது, அவங்க வந்து நோக்கும், எழுதும். நமக்கு நல்லதல்லே? அதான் சம்மதிச்சேன்.”

“ஆள் இல்லை சுதீர். எல்லாரும் ஊருக்குப் போயாச்சு.”

“எப்ப போயி?” அவர் குரல் மாறியது. “யாரு போகச் சொன்னது?”

ஸாதனா போனை வைத்தாள். படகு கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் இறங்காமல் அதே படகில் திரும்பினாள்.

தோட்டுக்கரைக்கு அவள் எத்தனையோ முறை போயிருக்கிறாள். சத்தம் இல்லாமல் அந்த இடத்தைக் கண்டதே இல்லை. குழாயடிச் சண்டை, டிவி, மாவு மில், ஏதாவது ஒன்று இருக்கும். அன்று தோட்டின் கறுப்புத் தண்ணீர் நகர்கிற சத்தம்கூடக் கேட்டது. வரிசையாகப் பூட்டின கதவுகள். ஒவ்வொரு கதவிலும் ஒரே அளவில் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது, சீனியம்மாளுக்குப் படிக்கத் தெரியாத மலையாளத்தில், சரிபார்க்க வரும் தேதி போட்டு. தேதி அன்றைக்குத்தான். ஒரு மூலைகூடக் கிழியாமல், பசை நன்றாகக் காய்ந்து, பொறுமையாக ஒட்டிய காகிதம்.

வரிசையின் மறுமுனையில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஓர் இளைஞன் பூட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு கதவைத் தட்டுவான், கொஞ்சம் நிற்பான், மரியாதையாக இன்னொரு முறை தட்டுவான், படம் எடுப்பான், கையிலிருந்த டேப்லெட் திரையில் ஏதோ தொடுவான், அடுத்த கதவுக்குப் போவான். சீனியம்மாள் அவன் பின்னாலேயே நடந்து, “இது பேச்சி வீடு தம்பி. இது கற்பகம் வீடு. எல்லாம் ஆளு இருக்கிற வீடுதான், கொடைக்குப் போயிருக்காங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

“ஆளைக் கண்டாத்தான் எழுத முடியும் சேச்சி,” என்றான் அவன். குரலில் கெடுதல் எதுவும் இல்லை. திரும்பியவன் ஸாதனாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். அதற்குப் பிறகு அவன் மலையாளத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: மேடத்தின் பேச்சை ஆபீஸில் எல்லோரும் கேட்பார்கள். சிக்கலான சட்டத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்ல யாரால் முடியும். தோட்டுக்கரைக்காரர்கள் எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள் என்று மேடம் சொன்ன அந்த ரீலைப் பெரிய சாரே பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் தேதி போட்டார்.

சொன்னவன் அடுத்த கதவைத் தட்டப் போய்விட்டான். தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே தெரியாது. தன் பேச்சை ஏழைகள் மட்டும்தான் கேட்கிறார்கள் என்று ஸாதனா எதை வைத்து நினைத்தாள்?

அங்கே நின்றபடியே பேச்சிக்குப் போன் செய்தாள். பின்னால் மைக் செட் அலறியது. விவரத்தைச் சொல்லி, உடனே கிளம்பு, வேறு யார் வர முடியுமோ அவர்களையும் கூட்டிக்கொண்டு வா என்றாள்.

“நேத்தே காப்புக் கட்டியாச்சேக்கா. இனி எப்படி எல்லை தாண்டுறது?”

“பேச்சி, புரிஞ்சுக்கோ. ஆள் இல்லேன்னு எழுதிண்டிருக்கா. எழுதிட்டா வீடு போயிடும்.”

“அதெப்படிக்கா போவும்?” பேச்சி குரலில் துளி பதற்றம் இல்லை. “கோர்ட்டே சொன்ன பெறவு இவங்க என்ன செஞ்சிர முடியும்? நீங்கதான சொன்னீங்க, ஒரு ஓட்டத் தொட முடியாதுன்னு. நீங்க பயப்படாதீங்க. ஆத்தா பாத்துக்கிடுவா.” பிறகு, பெருமையாகச் சொன்னாள்: “உங்க பேச்சத்தான்க்கா முந்தாநாளு இங்க மைக்ல போட்டோம். ஊரே கேட்டுச்சு.”

தைரியம் சொல்ல வேண்டியவள் தைரியம் வாங்கிக்கொண்டு போனை வைத்தாள். அன்று மாலை ரீலை எடுத்துவிடச் சொன்னாள். ரோஹன் எடுத்தான். கொட்டிய பாலை வழித்து என்ன பிரயோஜனம்?

சுதீர் சும்மா இருக்கவில்லை. விடுமுறைக்கால அமர்வு முன்னால் அவசர மனு போட்டார். சரிபார்ப்பைத் தள்ளிவைக்க வேண்டும், கட்சிக்காரர்கள் திருவிழாவுக்குப் போயிருக்கிறார்கள், காப்புக் கட்டியதால் வர முடியாது. காப்பு என்றால் என்ன என்று நீதிபதி கேட்டார். சுதீர் விளக்கினார். அதை ஆங்கிலத்தில் கேட்டபோது சின்னப்பிள்ளை பள்ளிக்கூடத்துக்குச் சொல்கிற சாக்குப் போலிருந்தது. ஸாதனா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அதே அரசாங்க வக்கீல் எழுந்தார். அவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. “சரிபார்ப்பு இரு தரப்பும் சம்மதித்தது. நோட்டீஸ் ஒட்டினோம். ஒரே ஒரு வீட்டில் ஆள் இருந்தார், அவருடைய உரிமையை முழுமனதோடு ஏற்கிறோம். மற்றவர்களின் வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை எல்லாம் தமிழ்நாட்டில். இது அவர்களுடைய நிரந்தர வசிப்பிடமா என்பதே சந்தேகம். அவர்களுடைய நலனில் அக்கறையுள்ள, மதிப்புக்குரிய ஒரு வழக்கறிஞரே பொதுவெளியில் சொல்லியிருக்கிறார், அவர்கள் சொந்த ஊருக்குப் போகிறார்கள் என்று. அந்தப் பதிவையும் தாக்கல் செய்திருக்கிறோம்.” பேர் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. பார்க்காமல் இருந்த அந்த மரியாதைதான் ஸாதனாவை உட்கார்ந்த இடத்தில் கூனவைத்தது.

அன்பாகச் சொன்ன வார்த்தை. சொந்த ஊருக்குப் போயிட்டு வாங்கோ. ஊர் அங்கே சொந்தம் என்றால் வீடு இங்கே சொந்தமில்லை என்று ஆகிவிட்டது. ஊரிலே பேச்சிக்கு இருப்பது மாமியார் வீட்டுத் தாழ்வாரத்தில் பாய் விரிக்கிற இடம் மட்டுமே. அது பேச்சிக்கும் ஸாதனாவுக்கும் தெரியும், தாக்கலான பதிவுக்குத் தெரியாது. நீதிபதி இரக்கமில்லாதவர் என்றும் சொல்ல முடியாது. ஆட்சேபம் உள்ளவர்கள் திரும்பி வந்தபின் அதிகாரியிடம் முறையிடலாம், அதை அவர் சட்டப்படி பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லி மனுவை முடித்துவைத்தார். அதுவரை இடிக்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. சுதீர் வாய்விட்டுக் கேட்டும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் சுதீர் அங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். “நான் சம்மதிச்சிருக்கக்கூடாது,” என்றார். “நீ போகச் சொல்லியிருக்கக்கூடாது.”

அந்த வாரம் ஸாதனா வீடியோ போடவில்லை. ஏன் பேசவில்லை, உடம்பு சரியில்லையா என்று விசாரித்து முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். தோப்பும்படிப் பாலத்தடியில் ஒரு மஞ்சள் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதாக ரோஹன் வந்து சொன்னான். அது வேறு எங்கேயாவது போவதற்காக இருக்கும் என்றும் அவனே சொன்னான். அவள் தலையாட்டினாள். தெருவில் எந்த வண்டி உறுமினாலும் ஜன்னலுக்குப் போனாள்.

கொடையன்று காலையில் சீனியம்மாள் போனில் கூப்பிட்டு, பேசாமல் அழுதாள். ஸாதனா உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு ஓடினாள். போலீஸ் இருந்தது, கூட்டம் இருந்தது, இயந்திரம் வரிசையின் முதல் வீட்டை முடித்துவிட்டு இரண்டாவதற்கு வந்திருந்தது. சாமான்களை ஒழுங்காக வெளியே எடுத்து, வீட்டு எண் எழுதி, தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்தார்கள். அதிகாரி ஒருவர் அவளுக்கு வணக்கம் வைத்தார்.

“ஸ்டே இருக்கு,” என்று ஸாதனா நகலை நீட்டினாள்.

“இரண்டாவது பத்தி, மேடம்,” என்றார் அவர். “உங்களுக்கு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டியதில்லை. பேச்சியின் வீட்டுக் கூரை உள்பக்கமாகச் சாய்ந்து விழுந்தபோது அவள் கையில் அந்தக் காகிதம் இருந்தது. ஊருக்குப் போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. அந்நேரம் அங்கே மேளம் உச்சத்தில் இருந்திருக்கும், இசக்கிராஜா சாமியாடிக்கொண்டிருந்திருப்பான். மத்தியானத்துக்குள் சீனியம்மாளின் ஒற்றை வீட்டைத் தவிர எல்லாம் தரையோடு தரையானது. அந்த ஒரு வீட்டின் சுவரில்கூடக் கீறல் விழவில்லை; அத்தனை கவனமாக இடித்திருந்தார்கள்.

மறுநாள் முழுக்கப் பேச்சி கூப்பிடவில்லை. சீனியம்மாள் சொல்லியிருப்பாள், அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். ஸாதனா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டாள் என்றே சொல்லலாம். மண்ணை வாரித் தூற்றினால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் அதற்கடுத்த நாள் விடிந்ததும் தோட்டுக்கரைக்குப் போனாள்.

அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தார்கள். பெண்கள் நெற்றியில் மஞ்சள் இன்னும் அழியவில்லை. குழந்தைகள் தார்ப்பாய்க்கு அடியில் தங்கள் வீட்டுச் சாமானைத் தேடின. கற்பகம் ஓர் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஸாதனாவைப் பார்த்ததும் வழிவிட்டு விலகினார்கள்.

பேச்சி நேராக வந்தாள். இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அம்மன் குங்குமத்தை ஸாதனாவின் நெற்றியில் வைத்தாள்.

“பேச்சி, நான்தான்... நான் சொல்லித்தானே நீங்க எல்லாரும்...”

“விடுங்கக்கா. அவங்க ஏமாத்திட்டாங்க, நீங்க என்ன செய்வீங்க?” பேச்சியின் கண் சிவந்திருந்தது, குரல் தெளிவாக இருந்தது. “இனிமே நாங்க என்ன செய்யணும்? அத மட்டும் சொல்லுங்க. நீங்க சொல்லுதபடி செய்யிதோம்.”

இசக்கிராஜா பக்கத்தில் வந்து நின்றான். தீச்சட்டி எடுத்த உள்ளங்கைகள் கன்றிப்போயிருந்தன. அந்தக் கையாலேயே போனைத் தூக்கிப் பிடித்து, “சொல்லுங்கக்கா. எல்லாருக்கும் அனுப்பிருதேன்” என்றான்.

அதிகாரியிடம் முறையிடலாம். பரிசீலிப்பார். விடுமுறை முடிந்து கோர்ட் திறக்கும். மேல்முறையீடு உண்டு. வாக்கியங்கள் வழக்கம்போல வரிசையாக வந்து நாக்கு நுனியில் நின்றன. ஒவ்வொன்றும் சட்டப்படி சரி. அந்த வாக்கியங்களை நம்பி இவர்கள் எங்கே வேண்டுமானாலும் போவார்கள்.

“எனக்குத் தெரியலை,” என்றாள்.

இசக்கிராஜா போனைத் தாழ்த்தவில்லை.

“அப்படிச் சொல்லாதீங்கக்கா,” என்றாள் பேச்சி. “அவசரமில்ல. நல்லா யோசிச்சே சொல்லுங்க. நாங்க இங்கனதான் இருக்கோம்.”

தன் வீடு இருந்த இடத்தில் கிடந்த செங்கல்களைக் காலால் ஒதுக்கிவிட்டு அவள் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும், அவரவர் வீட்டு இடத்தில், ஸாதனாவைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள்.